முகமது அலி விட்டுவிட்டுப் போன பெயர்: கென்டக்கியின் காசியஸ் கிளே

கரிசல்காட்டான்:

குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு வீட்டில் வைத்த பெயர் காசியஸ் மார்செல்லஸ் கிளே என்பது இங்கே பலருக்கும் தெரியும். 1964-ல் அது அடிமைப் பெயர் என்று சொல்லி விட்டுவிட்டார். அவருக்கு முன்னால் அந்தப் பெயரைச் சுமந்தவர் யார் என்று போன மாதம்தான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் தூக்கமே போய்விட்டது. அதனால்தான் இந்த இழை.

அவர் ஒரு வெள்ளைக்காரர். 1810-ல் கென்டக்கி மாநிலத்தின் மேடிசன் வட்டாரத்தில் பிறந்தார். அப்பா கிரீன் கிளே அந்த மாநிலத்தின் பெரிய நிலச்சுவான்தார்களில் ஒருவர், அடிமைகளை ஏராளமாக வைத்திருந்தவர். பிள்ளை யேல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன இடத்தில் வில்லியம் லாயிட் கேரிசன் அடிமை முறைக்கு எதிராகப் பேசியதைக் கேட்டிருக்கிறார். தாகத்தில் நடப்பவனுக்குத் தண்ணீர் கிடைத்த மாதிரி இருந்தது என்று பிற்காலத்தில் எழுதினார். வடக்கே இருந்துகொண்டு அடிமை முறையைத் திட்டிய ஆட்கள் நிறைய உண்டு. இவர் ஊருக்குத் திரும்பி வந்து, அடிமைகளை வைத்திருந்தவர்கள் நடுவில் நின்று, அவர்கள் ஓட்டைக் கேட்டுக்கொண்டே அதைச் சொன்னவர். எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

1845 ஜூனில் லெக்சிங்டன் நகரில் ‘ட்ரூ அமெரிக்கன்’ என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். பத்திரிகை ஆபீஸ் எப்படி இருந்தது தெரியுமா? செங்கல் கட்டடம். கதவுகளுக்கு உள்பக்கம் இரும்புத் தகடு. வாசலைப் பார்த்தபடி மேசை மேல் இரண்டு பித்தளைப் பீரங்கிகள், வாய் நிறைய குண்டும் ஆணியும். சுவரோரம் துப்பாக்கிகள், ஈட்டிகள். கூரைக்கு ஏறித் தப்பிக்க ஒரு திறப்பு. மூலையில் வெடிமருந்துப் பீப்பாய்: எதிரிகள் உள்ளே வந்துவிட்டால் கட்டடத்தோடு எல்லோரையும் தகர்ப்பதற்காக. அச்செழுத்துகளை ஒரு கையால் கோத்து, மறு கையைத் துப்பாக்கி மேல் வைத்திருந்த பத்திரிகை அது.

கடைசியில் பீரங்கி வெடிக்கவே இல்லை. ஆகஸ்டில் டைபாய்டு காய்ச்சலில் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, ஊர்ப் பெரிய மனிதர்கள் அறுபது பேர் கொண்ட குழு ஒன்று ஆபீஸுக்குப் போய் அச்சு இயந்திரத்தைப் பிரித்துப் பெட்டிகளில் கட்டி, ஓஹையோ ஆற்றுக்கு அந்தப்பக்கம் இருக்கும் சின்சினாட்டிக்கு அனுப்பிவிட்டது. அவரும் விடவில்லை. சின்சினாட்டியிலேயே அச்சடித்து லெக்சிங்டனுக்கு அனுப்பினார். பிறகு வழக்குப் போட்டு 2,500 டாலர் நஷ்டஈடும் வாங்கினார்.

போர்வீரர், சட்டமன்ற உறுப்பினர், ரஷ்யாவுக்கான தூதர் என்று இன்னும் நிறைய இருக்கிறது. முதலில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். இந்த மனிதரை நாம் எங்கே வைப்பது?

ராயபுரத்தான்:

அண்ணே, அருமையான தொடக்கம். 1980-ல் அலி சென்னைக்கு வந்தபோது நேரு விளையாட்டரங்கத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார் இல்லையா, அதை என் அப்பா கூட்டத்தில் நின்று பார்த்தவர். இன்றைக்கும் அலியின் காலடி பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். எழுந்து நின்று தானே ஆடிக் காட்டுவார்.

எனக்கு ஒரு கேள்வி. அலியின் அப்பாவுக்கும் அதே பெயர்தான். அவர் பிறந்தது 1912. இந்த வெள்ளைக்காரர் இறந்து ஒன்பது வருடம் கழித்து, கென்டக்கியில் ஒரு கறுப்பினக் குடும்பம் தன் பிள்ளைக்கு அவர் பெயரை வைத்திருக்கிறது என்றால், எஜமான் கொடுத்த பெயர் என்பதால் அல்ல, மரியாதையால் என்றுதானே ஆகிறது? அப்படியென்றால் அலி சொன்ன ‘அடிமைப் பெயர்’ இவருக்குப் பொருந்துமா?

மாலைவெயில்:

பொருந்தும் என்பதுதான் என் பதில். காரணம் சொல்கிறேன்.

ஒன்று, கிளே என்ற குடும்பப் பெயரே கிரீன் கிளே மாதிரி எஜமானர்களிடமிருந்து வந்தது. மகன் நல்லவராக இருந்தார் என்பதால் அந்த வரலாறு அழிந்துவிடாது. இரண்டு, நம் கரிசல்காட்டான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. காசியஸ் கிளே தனக்கு நேரடியாகச் சொந்தமான அடிமைகளை 1844-ல் விடுவித்தார், சரி. ஆனால் அப்பா உயிலில் அறக்கட்டளைச் சொத்தாக எழுதி வைத்த அடிமைகள் தொடர்ந்து அடிமைகளாகவே இருந்தார்கள். சட்டப்படி என் கையில் இல்லை என்றார்.

மூன்றாவதுதான் எனக்குத் தொண்டையில் நிற்கிறது. அவர் வீட்டில் எமிலி என்று ஒரு பெண். குழந்தையைப் பார்த்துக்கொண்டவள். கைக்குழந்தை இறந்துபோனது. நஞ்சு வைத்தாள் என்று எமிலி மேல் குற்றச்சாட்டு. நீதிமன்றம் அவளைக் குற்றமற்றவள் என்று விடுவித்தது. அடிமை மாநிலத்து நீதிமன்றம், வெள்ளையர்கள் மட்டுமே உட்கார்ந்த ஜூரி, அவர்களே விடுவித்தார்கள். அதற்குப் பிறகும் கிளே அவளையும் அவள் வீட்டாரையும் தெற்கே விற்க அனுப்பினார். தெற்கே என்றால் பருத்திக்காடும் கரும்புக்காடும். அங்கே விற்கப்படுவதைத்தான் கென்டக்கி அடிமைகள் எல்லாவற்றையும் விட அதிகமாக அஞ்சினார்கள்.

பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வேதனையைத் தீர்த்துக்கொள்ள ஒரு குடும்பத்தையே விற்கும் அதிகாரம் கையில் இருந்தபோது அவர் அதைப் பயன்படுத்தினார். பீரங்கி வைத்த பத்திரிகை ஆபீஸைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு தடவையும் எமிலியைப் பற்றியும் பேச வேண்டும்.

கரிசல்காட்டான்:

மாலைவெயில் அக்கா, எமிலி விஷயம் எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டது தவறு, ஒத்துக்கொள்கிறேன். முதல் பதிவைத் திருத்தவில்லை, உங்கள் பதில் அதற்குக் கீழேயே இருக்கட்டும்.

நூலகத்து எறும்பு:

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். ஆனால் அவர் என்ன கேட்டார் என்பதைத் துல்லியமாக வைத்துக்கொண்டால் விவாதம் தெளிவாகும்.

கேரிசன் கேட்டது உடனடி ஒழிப்பு. கிளே கேட்டது சட்டத்தின் வழியாக, படிப்படியாக, கென்டக்கி வாக்காளர்களே முடிவெடுத்துக் கொண்டுவரும் விடுதலை. அவருடைய வாதத்தில் பாதிக்கு மேல் பொருளாதாரம்: அடிமை உழைப்பு இருக்கும்வரை ஏழை வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கூலி உயராது, பள்ளிக்கூடம் வராது, தொழிற்சாலை வராது, பக்கத்து ஓஹையோவைப் பாருங்கள், நாம் ஏன் பின்தங்கினோம் என்று கேட்டார். கறுப்பின மக்களின் துயரம் அந்தப் பேச்சில் இரண்டாம் இடத்தில்தான் இருந்தது. இது குறைதான். ஆனால் ஓட்டுப் போடுகிறவர்கள் யார் என்று தெரிந்து பேசிய பேச்சு.

அவருடைய தேர்தல் அரசியல் ஒரு சட்டத்தைச் சுற்றியே ஓடியது. வெளி மாநிலங்களிலிருந்து அடிமைகளை விற்பனைக்குக் கொண்டுவரக் கூடாது என்று 1833-ல் கென்டக்கி ஒரு சட்டம் போட்டது. பணக்காரத் தோட்டக்காரர்கள் அதை நீக்கச் சொன்னார்கள். சட்டமன்றத்தில் நின்று காப்பாற்றியவர்களில் கிளே முக்கியமானவர். அதனால்தான் 1841-ல் தோற்கடிக்கப்பட்டார். 1849-ல் அந்தச் சட்டம் ஏறக்குறையப் பல் பிடுங்கப்பட்டது. அடுத்த வருடம் வந்த மாநில அரசியல் சட்டம் இன்னும் கொடுமை: விடுதலை பெற்ற அடிமை மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டும்.

அந்த 1849-ல்தான் ஃபாக்ஸ்டவுன் சண்டை. அடிமை முறையை ஆதரித்த டர்னர் என்பவரின் மகன் சைரஸும் அவன் ஆட்களும் கிளேயைச் சூழ்ந்து அடித்தார்கள், கத்தியால் குத்தினார்கள். தலையில் வைத்து அழுத்திய துப்பாக்கி வெடிக்கவில்லை. பறித்த கத்தியைத் திரும்பப் பிடுங்கி கிளே குத்தியதில் சைரஸ் இறந்தான். 1843-லும் ரஸல் கேவ் என்ற இடத்தில் இதே மாதிரி. சாமுவேல் பிரவுன் சுட்ட குண்டு கிளேயின் நெஞ்சில் தொங்கிய கத்தி உறையில் பட்டு நின்றது. கிளே கத்தியை உருவி பிரவுனின் ஒரு கண்ணையும் ஒரு காதையும் எடுத்துவிட்டார். முதலில் சுட்ட பிரவுன் மேல் அல்ல, கிளே மேலேயே வழக்கு வந்தது. வாதாடி விடுவித்தவர் அவருடைய உறவினரான ஹென்றி கிளே, அமெரிக்காவின் பெரிய அரசியல்வாதி.

இந்த ரத்தத்தை எல்லாம் பார்த்து வீரம் என்று சிலிர்க்கிறார்கள். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். மேடையில் ஒரு கருத்தைச் சொல்ல ஒருவன் இடுப்பில் கத்தி கட்டிக்கொண்டு போக வேண்டியிருந்தது என்றால், அந்த ஊரில் கத்தியில்லாத மனிதன் என்ன பேசியிருக்க முடியும்? கறுப்பினத்தவன் என்ன பேசியிருக்க முடியும்?

1851-ல் விடுதலைக் கட்சி என்று சொல்லி ஆளுநர் தேர்தலில் நின்றார். மாநிலம் முழுக்கச் சுற்றியும் கிடைத்த ஓட்டு சுமார் 3,600. அந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. ரகசிய வாக்குச்சீட்டு கிடையாது. அந்தக் காலத்துக் கென்டக்கியில் எல்லோர் முன்னாலும் வாயால் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். அண்டை வீட்டுக்காரன் காது கேட்க அந்தப் பெயரைச் சொன்ன 3,600 பேர்!

ராயபுரத்தான்:

வாயால் சொல்லி ஓட்டா? இது எனக்குப் புதுசு. அந்த 3,600 பேரைப் பற்றி யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருக்கும்.

கடலோரக்காற்று:

யாருமே இன்னும் பீரியாவைத் தொடவில்லையே. கிளே வாழ்க்கையில் இன்றுவரை உயிரோடு நிற்பது அதுதான்.

ஜான் ஃபீ என்று ஒரு போதகர். இவரும் கென்டக்கிக்காரர், இவர் அப்பாவும் அடிமைகளை வைத்திருந்தவர். ஆனால் ஃபீ கையில் கத்தி கிடையாது, துப்பாக்கி கிடையாது. கிளே அவருக்கு மேடிசன் வட்டாரத்து மலையடிவாரத்தில் பத்து ஏக்கர் நிலம் கொடுத்தார். அங்கே ஒரு தேவாலயம், 1855-ல் ஒரு பள்ளிக்கூடம். அதுதான் பீரியா கல்லூரியாக வளர்ந்தது. உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்த இடம். 1904-ல் கென்டக்கி அரசு தனிச் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தியது.

ஆனால் ஃபீயும் கிளேயும் சேர்ந்து நிற்கவில்லை. 1856 ஜூலை 4 சுதந்திர தினக் கூட்டம். தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லும் சட்டம் கடவுளின் நியாயத்துக்கு விரோதம், அதற்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்று ஃபீ பேசினார். அதே மேடையில் கிளே மறுத்தார். சட்டம் இருக்கும்வரை மதிக்க வேண்டும், மாற்றுவதானால் ஓட்டுப் போட்டு மாற்ற வேண்டும் என்றார். அன்றோடு உறவு முறிந்தது. 1859 கடைசியில், அடிமைகளை விடுவிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி தாக்குதலால் தெற்கே எல்லோரும் பதறிக் கிடந்த நேரத்தில், ஆயுதக் கும்பல் ஒன்று பீரியாவுக்கு வந்து பத்து நாளில் ஊரை விட்டுப் போகச் சொன்னது. ஃபீயின் ஆட்கள் குளிரில் குழந்தைகளோடு வெளியேறினார்கள். இத்தனை சண்டைக்குப் பெயர் போன கிளே அந்தப் பத்து நாளும் ஒதுங்கியே இருந்தார்.

எமிலியைப் பற்றி அக்கா சொன்னதோடு இதையும் வைத்துப் பார்க்கிறேன். தன்மானத்துக்கு ஒரு கீறல் பட்டால் அவர் உயிரைக் கொடுப்பார். அடுத்தவர் வீடு பறிபோகும்போது சட்டப் புத்தகத்தைப் புரட்டுவார்.

கரிசல்காட்டான்:

கடைசி வரி கொஞ்சம் கடுமை என்று நினைக்கிறேன். மெக்சிகோ போரைப் பாருங்கள். டெக்சாஸைச் சேர்த்துக்கொள்வதே அடிமை முறையைப் பரப்பத்தான் என்று எதிர்த்தவர், போர் வந்ததும் படையில் சேர்ந்தார். இது எனக்கும் உறுத்தல்தான். ஆனால் 1847 ஜனவரியில் என்கார்னசியோன் என்ற இடத்தில் தன் ஆட்களோடு சிறைப்பட்டார். கைதிகளில் ஒருவர் தப்பி ஓடியபோது மற்றவர்களைச் சுட்டுவிடப் போகிறார்கள் என்ற நிலை வந்தது. சிப்பாய்களை விடுங்கள், அதிகாரிகளைக் கொல்லுங்கள் என்று முன்னால் வந்து நின்றவர் கிளே. கூட இருந்த சிப்பாய்களே ஊருக்கு வந்து இதைச் சொன்னார்கள். அது வெறும் தன்மானம் இல்லையே.

சரி, ரஷ்யா பக்கம் வருகிறேன். 1860-ல் குடியரசுக் கட்சி மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளருக்கான ஓட்டில் வேட்பாளரான ஹாம்லினுக்கு அடுத்த இடம் கிளேக்கு. லிங்கன் ஜெயித்ததும் ரஷ்யாவுக்குத் தூதராக நியமித்தார். கிளம்புவதற்கு முன் 1861 ஏப்ரலில், அடிமை முறைக்காகப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களோடு உள்நாட்டுப் போர் மூண்டது; தலைநகர் வாஷிங்டனில் படையே இல்லாத நிலை. கிளே தொண்டர்களைத் திரட்டி வெள்ளை மாளிகையைச் சுற்றிக் காவல் போட்டார். அந்த வருடம்தான் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் ரஷ்யப் பண்ணையடிமைகளுக்கு விடுதலை அறிவித்திருந்தார். கென்டக்கியில் இருபது வருடம் கத்தியும் நடக்காதது, அந்த நாட்டில் ஒரு ஆணையில் நடந்து முடிந்திருந்ததைப் பார்க்க அவருக்கு எப்படி இருந்திருக்கும்!

1862-ல் திரும்ப அழைத்து மேஜர் ஜெனரல் பதவி கொடுத்தார்கள். அடிமைகளை விடுவிக்காத போரில் நான் படை நடத்த மாட்டேன் என்று மறுத்தார். லிங்கன் அவரைக் கென்டக்கிக்கு அனுப்பி மக்கள் மனநிலையை அறிந்துவரச் சொன்னார். செப்டம்பர் 22-ல் விடுதலைப் பிரகடனத்தின் முன்னறிவிப்பு வந்தது. 1863-ல் மறுபடி அன்றைய ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க் போய் 1869 வரை இருந்தார். அவர் போன 1863-லேயே ரஷ்யக் கடற்படை நியூயார்க்குக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் வந்து நின்றது. பிரிட்டனும் பிரான்ஸும் தெற்குப் பக்கம் சாய்ந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த வடக்குக்கு அது பெரிய தெம்பு. அதற்குப் பிறகு ரஷ்யா விற்ற அலாஸ்காவும் அமெரிக்காவுக்கு வந்தது.

நூலகத்து எறும்பு:

அலாஸ்கா விஷயத்தில் ஒரு திருத்தம், கரிசல். 72 லட்சம் டாலர் பேரம் நடந்தது பீட்டர்ஸ்பர்க்கில் அல்ல, வாஷிங்டனில். வெளியுறவு அமைச்சர் சீவர்டும் ரஷ்யத் தூதர் ஸ்டெக்கிளும் இரவெல்லாம் உட்கார்ந்து 1867 மார்ச் 30 விடியற்காலையில் கையெழுத்துப் போட்டார்கள். கிளே அந்த அறையில் இல்லை. ரஷ்யாவின் நட்பை வளர்த்ததால் அதில் தனக்கும் பங்கு என்று அவர் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். கடற்படை வந்ததிலும் ரஷ்யாவுக்குத் தன் கணக்கு இருந்தது. போலந்துக் கலகத்தால் பிரிட்டனோடு போர் மூளுமோ என்று பயந்து, பால்டிக் கடலில் தன் கப்பல்கள் முடங்கிவிடக் கூடாது என்று வெளியே அனுப்பியது.

லிங்கனோடு பேசியதற்கும் 1886-ல் கிளே எழுதிய தன்வரலாறுதான் முக்கிய ஆதாரம். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பதவியை மறுத்தது உண்மை. அந்த ஒரு மறுப்பு எனக்குப் போதும்.

கரிசல்காட்டான்:

நன்றி ஐயா. அலாஸ்காவை அவர் கணக்கில் எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

மாலைவெயில்:

ரஷ்யாவில் அவர் இருந்த காலத்தில் கென்டக்கியில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். மனைவி மேரி ஜேன் வார்ஃபீல்ட் பிள்ளைகளோடு பீட்டர்ஸ்பர்க் போய், ஒரு குளிர்காலத்துக்கு மேல் தாங்காமல் திரும்பிவிட்டார். ஊரில் கடன். அவரே பண்ணையை நடத்தினார், போர்க்காலத்தில் படைக்குக் கோவேறு கழுதைகளும் ஆடுமாடும் விற்று வரவு பார்த்தார். ஒயிட் ஹால் என்ற கிளே குடும்ப வீட்டைப் பெரிய மாளிகையாக எடுத்துக் கட்டும் வேலையும் அவர் மேற்பார்வையில்தான். கணவர் திரும்பி வந்தார். கொஞ்ச காலத்தில் ரஷ்யாவிலிருந்து ஒரு சின்னப் பையனும் வந்து சேர்ந்தான். தத்துப்பிள்ளை என்றார் கிளே. அவருடைய சொந்தப் பிள்ளைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். 1878-ல் விவாகரத்து. 45 வருட மணவாழ்க்கை, அதில் பத்து வருடம் தனியாகப் பண்ணையைத் தூக்கி நிறுத்திய உழைப்பு, எதற்கும் சட்டத்தில் மதிப்பில்லை. மேரி ஜேன் வெறுங்கையோடு வெளியே வந்தார்.

இதைக் கண்ணால் பார்த்த மகள்கள்தான் மேரி பார் கிளேயும் லாரா கிளேயும். இருவரும் பெண்கள் வாக்குரிமைக்குத் தலைமை தாங்கினார்கள். 1888-ல் கென்டக்கி சம உரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர் லாரா. மணமான பெண்ணுக்குத் தன் சொத்தின் மேல் உரிமை தரும் சட்டத்தை 1894-ல் கொண்டுவர வைத்தது அந்தச் சங்கம். அதே 1894-ல் 84 வயதான அப்பா, 15 வயது ஏழைப் பெண் டோராவைக் கல்யாணம் செய்துகொண்டார். தடுக்க வந்த ஷெரீஃபின் ஆட்களைப் பீரங்கி காட்டி விரட்டியதை இன்றைக்கும் சுவாரசியமான கதையாகச் சொல்கிறார்கள். 1845-ல் அச்சு இயந்திரத்தைக் காக்க வைத்த பீரங்கி, ஒரு சிறுமியை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளப் பயன்பட்டது. நான்கு வருடத்தில் அந்தக் கல்யாணமும் முறிந்தது. 1903-ல் 92 வயதில் இறந்தார்.

ராயபுரத்தான்:

படித்து முடித்ததும் கை நடுங்குகிறது அக்கா. லாரா கிளேயைத்தான் இனி நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறேன்.

மாலைவெயில்:

தம்பி, அதிலும் ஒரு முள் இருக்கிறது. எல்லாப் பெண்களுக்கும் வாக்குரிமை தரும் கூட்டாட்சி அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது லாரா அதை எதிர்த்தார். மாநிலங்கள்தான் முடிவெடுக்க வேண்டும் என்றார். தெற்கில் மாநில உரிமை என்ற பேச்சு யாரை ஓட்டுச்சாவடிக்கு வெளியே நிறுத்த உதவியது என்பதை அவரும் அறிவார். அப்பாவைப் போலவே மகளும் ஒரு கோட்டில் வந்து நின்றுவிட்டார்.

கடலோரக்காற்று:

கரிசல் முதலில் கேட்ட கேள்விக்கு என்னால் நேரடியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் எமிலி பெயரைப் பார்த்ததிலிருந்து இன்னொரு பெயர் மனதில் ஓடுகிறது.

ஜூலியட் மைல்ஸ். ஜான் ஃபீயின் அப்பா வீட்டில் அடிமை. அவளை விற்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஃபீ தன் பணத்தைத் திரட்டி அப்பாவிடமிருந்தே விலைக்கு வாங்கி விடுவித்தார். திரும்பக் கொடு என்று அப்பா கேட்டபோது முடியாது என்றார். ஜூலியட் ஓஹையோவுக்குப் போய் வாழ்ந்தாள். ஆனால் அவள் பிள்ளைகள் ஆற்றுக்கு இந்தப்பக்கம், பழைய எஜமானிடமே. 1858-ல் அவர்களை விற்கப் போவதாகச் செய்தி வந்தது. கூட்டிப்போக அவள் இரவில் கென்டக்கிக்குள் வந்தாள். ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருந்த இடத்தில் பிடித்துவிட்டார்கள். தன் பிள்ளைகளைத் திருடிய குற்றத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட் சிறையில் மூன்று வருடம். வெளியே வரவில்லை, உள்ளேயே இறந்துபோனாள்.

அவளுக்கும் ஃபீக்கும் தனி இழை போடலாமா? விவரம் திரட்ட எனக்கு ஒரு வாரம் வேண்டும்.

கரிசல்காட்டான்:

போடுங்கள். பீரியா பற்றி நான் சேர்த்து வைத்திருப்பதை இன்று இரவே உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்.